ஹெல்மெட்டுக்குள் வெள்ளம்!

பைக் ஹெல்மெட்டுக்குள் வியர்த்தால் சிக்னலில் கழற்றித் துடைத்துக்கொள்ளலாம். விண்வெளியில் கழற்றினால்? ஆள் காலி!

2013 ஜூலை 16. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே மிதந்தபடி மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார் இத்தாலிக்காரர் லூகா பார்மிடானோ. திடீரென்று பின்னந்தலையில் ஜில்லென்று ஈரம். 'குடிக்கிற தண்ணிப் பை ஒழுகுதோ?' என்று சந்தேகம். அதுதான் இல்லை!

உடம்பைக் குளிர வைக்க அந்த உடைக்குள் தண்ணீர் ஓடும். ஹெல்மெட்டின் பின்பக்கத் துவாரத்திலிருந்து முகத்துக்கு ஆக்ஸிஜன் வீசும். காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிக்கும் கருவி அடைத்துக்கொள்ள, ஆக்ஸிஜன் வரும் வழியில் தண்ணீரும் வந்துவிட்டது.

எடையில்லாத இடத்தில் தண்ணீர் எங்கே கீழே வடியும்? முகத்திலேயே அப்பிக்கொண்டது. கண், மூக்கு எல்லாம் தண்ணீர். பார்வை போச்சு! மனுஷர் பதறவில்லை. தன்னைக் கட்டியிருந்த கேபிளைப் பிடித்துத் தடவித் தடவியே வாசலுக்கு வந்து சேர்ந்தார். கசிந்தது சுமார் ஒன்றரை லிட்டர்!

அப்புறம் நாசா ஹெல்மெட்டில் இரண்டு அயிட்டம் சேர்த்தது. தலைக்குப் பின்னால், தண்ணீரை உறிஞ்ச ஒரு பட்டை. வாய்க்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அதன் மறுமுனை இடுப்புப் பக்கம். மேலே வெள்ளம் வந்தால், கீழேயிருக்கும் காற்றை உறிஞ்சிக்கொள்ளலாம்.

அத்தனை பெரிய டெக்னாலஜிக்கு, கடைசியில் கைகொடுத்தது ஒரு குழாய்தான்!