வாஷிங்டனில் ஒரு சிறு மந்தை

அங்கத்தினர் தொகை பெருகினால் சங்கம் வளர்ந்தது என்று மகிழ்வது நம் வழக்கம். ஆண்டறிக்கை கைக்கு வந்ததும், புதிதாய்ச் சேர்ந்த குடும்பங்கள் எத்தனை என்பதைத்தான் நாம் முதலில் தேடுகிறோம். அத்தகைய நமக்கு, தொகை பெருகுவதைப் பொருட்படுத்தாத ஒரு கிறிஸ்தவ சபையின் வரலாறு புதுமையாகவே தோன்றும்.

அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் உள்ள இரட்சகர் சபையே அது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்குப் போதகராகச் சென்று மீண்ட கார்டன் காஸ்பி என்பவர் 1946-ஆம் ஆண்டில் அதற்கு அடிகோலினார். முதல் அங்கத்தினர் 9 பேரே. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே உணவு விடுதியில் அமர்ந்து உண்ண இயலாதிருந்த அந்நகரில், இரு சாராரும் ஒருங்கிருந்து வழிபடும் சபையாகவே அது தொடங்கிற்று.

அதில் சேர்வது எளிதன்று. முதலில் நெடுநாள் பாடம் கேட்கவேண்டும். நாள்தோறும் தியானம், வருவாயில் குறைந்த அளவு பத்தில் ஒரு பங்கு காணிக்கை, ஏதேனும் ஒரு தொண்டுக் குழுவில் இடைவிடாத உழைப்பு ஆகியவை கடமைகள். அன்றியும் ஆண்டுதோறும் உறுதிமொழியைப் புதுப்பிக்கவேண்டும். மனம் ஒப்பாதவர் விலகிக்கொள்ளலாம். இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா என்று நமக்கும் தோன்றாமலில்லை. அங்கத்தினர் தொகை ஏறத்தாழ 150-ஐத் தாண்டியதேயில்லை. 1976-இல் அச்சிறு சபையையும் பல கிளைகளாகப் பிரித்துவிட்டனர்!

இக்கண்டிப்பினால் விளைந்த பயன் யாது? 1960-இல் கொலம்பியா சாலையில் 'குயவன் வீடு' என்ற பெயரில் காப்பிக்கடை ஒன்றைத் திறந்தனர். தேவாலயத்தின் படியேறத் தயங்குவோரும் அங்கே வந்து அமர்ந்து பேசலாயினர். வீடற்ற குழந்தைகளை அடைத்து வைத்திருந்த ஒரு பெரிய அரசாங்க விடுதி அக்காலத்தில் அந்நகரில் இருந்தது. பெற்றோர் உயிரோடிருந்தும், குடியிருக்க இடமில்லாத ஒரே காரணத்தால் அங்கே விடப்பட்ட குழந்தைகள் பலர். சபையினர் 1965 முதல் பிற சபைகளையும் சேர்த்துக்கொண்டு இக்கொடுமையை எதிர்த்து உழைத்தனர். 1973-இல் அவ்விடுதி மூடப்பட்டது.

வாடகை வீட்டில் வாழும் நம்மவர் உள்ளத்தைத் தொடுவது அடுத்த செய்தி. காப்பிக்கடையின் அருகே ரிட்ஸ், மோஸார்ட் என்று இரு அடுக்குமாடிக் கட்டடங்கள் இருந்தன. பெயரில்தான் செல்வம், உள்ளே எலிகளும் குப்பையும் ஒழுகும் குழாய்களும். ஏழைகள் நிறைந்த அக்கட்டடங்களை வாங்கிச் சீர்செய்யச் சபைப் பெண்டிர் சிலர் துணிந்தனர். பெரிய கட்டட முதலாளியாகிய ஜேம்ஸ் ரவுஸிடம் யோசனை கேட்டனர். அனுபவமற்றவர்களுக்கு இது ஆகாத காரியம் என்று அவர் தடுத்தார். அவர்களோ முன்பணத்தைக் கட்டிவிட்டு மீண்டும் அவர் முன் போய் நின்றனர்! அவரும் மனம் இளகிக் கடன் கிடைக்க வழி செய்தார். 1973-இல் இரு கட்டடங்களும் கைக்கு வந்தபோது வீட்டுவசதிச் சட்டத்தை மீறிய குறைகள் மட்டும் 900-க்கு மேல். தொண்டர்கள் ஏறத்தாழ 50,000 மணி நேரம் கூலியின்றி உழைத்து அவற்றை நீக்கினர். குடியிருந்தோரை வெளியேற்றிவிட்டு அழகுபடுத்துவது எவர்க்கும் எளிது. அவர்களை அங்கேயே இருத்திச் சீர்செய்ததையே நாம் பெரிதாக மதிக்கிறோம். இதைக் கண்ட ரவுஸ், 1982-இல் நாடெங்கும் ஏழைகளின் வீட்டுவசதிக்கென ஓர் அறநிலையத்தையே நிறுவினார்.

மருத்துவமனை அனுப்பிவிட்ட பிறகு, படுத்துத் தேற ஓர் இடமின்றித் தெருவுக்கே திரும்பும் நோயாளிகளுக்காக 1985-இல் 'கிறிஸ்து இல்லம்' திறக்கப்பட்டது. மருத்துவர்கள் தம் குடும்பத்தோடு அக்கட்டடத்திலேயே குடியேறினர். மாலையில் வேலை முடிந்து நோயாளியை மறந்து செல்வதற்கு வேறு வீடு அவர்களுக்கு இருக்கவில்லை.

காஸ்பி 2013-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தம் 95-ஆம் வயதில் காலமானார். அவர் இறுதி மூச்சு விட்டதும் அந்தக் கிறிஸ்து இல்லத்திலேதான்.