கப்பல் கட்டிக் கொடுத்தோம், காவல் எங்கே?

கட்டுமாவடியில் பொழுது சாய்கிறது. நாட்டுப் படகில் வலையை ஏற்றுகிறான் உழைப்பாளி. கரையில் நிற்கும் மனைவிக்கு ஒரே கேள்வி: “விடியலில் வலையோடு வந்து சேர்வீர்களா?”

டில்லியிலே வேறு பேச்சு. கடற்கொள்ளையை ஒடுக்க அண்டை நாட்டுக் கடற்படைகளின் வலிமையை வளர்க்கிறோமாம்! உண்மைதான். சீசெல்சுக்கு 2006, 2014, 2021 ஆண்டுகளில் ரோந்துக் கப்பல்கள் போயின. கல்கத்தாவில் கட்டிய ‘பராக்குடா’ 2015இல் மொரீசியசில் பணியேற்றது. இலங்கைக்காகக் கோவாவில் கட்டிய ‘சயுரல’ 2017லும், ‘சிந்துரல’ 2018லும் அந்நாட்டுக் கடற்படையில் சேர்ந்தன.

வேண்டாம் என்கிறோமா? இல்லை, தோழர்களே! சோமாலியாவை எண்ணிப் பாருங்கள். 1991இல் அங்கே அரசு சிதைந்தது, கடற்காவல் ஒழிந்தது. அன்னிய இழுவைக் கப்பல்கள் மீனை அள்ளின. வலை வீசிய கைகளில் சில துப்பாக்கி தூக்கின. பிறகு அதுவே பணயம் பறிக்கும் தொழிலாயிற்று. 2008 முதல் நம் கடற்படை ஏடன் வளைகுடாவில் காவல் காக்கிறது. 2024 மார்ச்சில் ‘ரூவன்’ கப்பலில் 35 கொள்ளையரைப் பிடித்து, 17 மாலுமிகளை மீட்டது. எத்தனை நாளைக்கு நாமே ஓடுவது? அவரவர் கரைக்கு அவரவர் காவல் வேண்டும். அதற்குக் கப்பல் மட்டும் போதுமா? தேர்ந்த மாலுமி, எரிபொருள், பழுது பார்க்கும் பட்டறை, பிடிபட்டவனை விசாரிக்கும் நீதிமன்றம், இத்தனையும் வேண்டும்.

அதே அளவுகோலை நம் கடலில் வைத்துப் பார்ப்போம். கட்டுமாவடிக்குக் கிழக்கே கோடியக்கரை. அதற்கு அப்பால் 2023 ஆகஸ்டிலும் 2025 மேயிலும் நாகை மாவட்ட மீனவர் தாக்கப்பட்டனர். அக்கரையிலிருந்து வந்த கொள்ளையர் அடித்து, வலையையும் ஜி.பி.எஸ். கருவியையும் பறித்தனர் என்பது அவர்கள் புகார். எல்லை தாண்டினான் என்று மீனவனைப் பிடிக்க விரையும் கப்பல், கொள்ளையனைத் துரத்த விரைய வேண்டாமா?

நம் குறையையும் மறைக்க வேண்டாம். நம் இழுவை மடி யாழ்ப்பாணத்து ஏழையின் வலையை அறுத்ததும் உண்டு. அவனும் உழைப்பாளி, அவனும் தமிழன். அவனுக்கும் காவல் வேண்டும்.

ஆகவே கேட்கிறோம்: கப்பலும் பயிற்சியும் தரும்போதே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். புகார் வந்த இரவே இரு நாட்டுக் கடற்படையும் தேட வேண்டும். பறித்த பொருள் உரியவனிடம் சேர வேண்டும். பிடிபட்டவன் நீதிமன்றம் ஏற வேண்டும். மீனவர் சிக்கலுக்கென 2016இல் இரு அரசுகளும் அமைத்த கூட்டுப் பணிக்குழுவில் இதுவே முதற்பேச்சாகட்டும்!

கட்டுமாவடிப் பெண்ணின் கேள்விக்கு, “வருவேன்” என்று அவன் துணிந்து சொல்லும் நாளில்தான் கட்டிக் கொடுத்த கப்பலுக்குப் பொருள் உண்டு!