சுமை தாங்கும் சக்கரம்

இமாச்சலப் பிரதேசத்தின் சிம்லா, கின்னௌர் மாவட்டங்களில் சூலை முதல் அக்டோபர் வரை ஆப்பிள் பறிக்கும் காலம். மலைச்சரிவில் அமைந்த தோட்டங்கள் பலவற்றுக்குப் பெரிய லாரிகள் ஏறிச் செல்ல இயலாது. அங்கிருந்து மொத்தச் சந்தைக்குப் பழப்பெட்டிகளைக் கொண்டு சேர்ப்பவை 'பிக்கப்' என வழங்கும் சிறிய டீசல் சரக்குந்துகளே. பெட்டி ஒன்றின் எடை 20 கிலோ எனக் கொண்டால், 75 பெட்டிகள் ஒன்றரை டன் ஆகும். அச்சுமையையும் வண்டியின் சொந்த எடையையும் நான்கு டயர்கள் தாங்குகின்றன. ஒரு டயர் தரையைத் தொடும் பரப்போ விரித்த கை ஒன்றின் அளவைவிடச் சற்றே பெரிது.

டயர் தேய்ந்து புதியது வாங்கும்போது, 'எந்த அளவு?' என்னும் கேள்வி எழுகிறது. ரிம்மில் பொருந்தினால் போதும் என்பர் சிலர். பெரிய டயர் பூட்டினால் வண்டி உயர்ந்து மிடுக்காகத் தோன்றும் என்பர் வேறு சிலர். இவ்விரு கருத்துகளும் ஏன் போதா என்பதை இப்பாடத்தில் காண்போம்.

டயரின் பக்கச் சுவரில் 215/75 ஆர் 15 என்பது போன்ற குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும். 'ஆர்' என்னும் எழுத்து, உள்ளிழைகள் ஆரவாக்கில் அமைந்த ரேடியல் டயர் என்பதை உணர்த்தும். இறுதியில் உள்ள 15, ரிம்மின் விட்டம். இது மட்டும் அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் என மூன்று வகை அளவுகள் கலந்து நிற்பது வியப்பாகத் தோன்றலாம். வெவ்வேறு காலத்து வழக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்ததன் விளைவு இது. பழைய முறையில் 7.00–15 என எழுதப்பெறும் டயர்களும் சரக்கு வண்டிகளில் உண்டு. அங்கே அகலமும் அங்குலமே.

இந்த எண்களைக் கொண்டு டயரின் முழு விட்டத்தைக் கணக்கிடலாம். 215இல் நூற்றுக்கு 75 பங்கு 161.25 மி.மீ. மேலும் கீழுமாகப் பக்கச் சுவர் இருமுறை வருவதால் 322.5 மி.மீ. ரிம்மின் 15 அங்குலம் 381 மி.மீ. ஆகும். இரண்டையும் கூட்டினால் 703.5 மி.மீ. சக்கரம் ஒரு முறை சுழன்றால் வண்டி ஏறக்குறைய 2.21 மீட்டர் முன்னேறும்.

அதே ரிம்மில் 235/75 ஆர் 15 டயரைப் பூட்டுவதாகக் கொள்வோம். இப்போது விட்டம் 733.5 மி.மீ. வேறுபாடு மூன்று சென்டிமீட்டரே. நூற்றுக்கு நான்கிற்குச் சற்று மேல். கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் இம்மாற்றம் வண்டியின் இயக்கம் முழுவதிலும் பரவுகிறது. வேகமானி சக்கரத்தின் சுழற்சியைக் கொண்டே வேகத்தைக் காட்டுகிறது. சக்கரம் பெரிதாகிவிட்டதை அது அறியாது. முன்பு முள் 60 காட்டிய அதே சுழற்சியில், இப்போது வண்டி 62.5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடும். தொலைவுமானி 1000 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் ஓடியிருப்பது சுமார் 1043 கிலோமீட்டர்.

இதனினும் முதன்மையானது இழுவிசை. டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே மிகுந்த திருப்புவிசை தருவது. பாரம் இழுக்க அது விரும்பப்படுவதற்குக் காரணமும் அதுவே. அத்திருப்புவிசை தரையை அடையும்போது சக்கரத்தின் ஆரத்தால் வகுபடுகிறது. ஆரம் கூடினால் தரையில் கிடைக்கும் தள்ளுவிசை அதே விகிதத்தில் குறையும். சமவெளியில் வெற்று வண்டி ஓட்டுபவர் இதனை உணரார். முழுச் சுமையுடன் கொண்டையூசி வளைவில் நின்று மீண்டும் ஏறத் தொடங்கும் ஓட்டுநர் உணர்வார். கிளட்ச் தேய்ந்து புகையும் நாற்றமே அவருக்கு அறிவிப்பு. இறக்கத்திலும் நிலை இதுவே. பிரேக் அதே வலிமையுடன் அழுத்தினும், பெரிய சக்கரத்தில் அதன் பிடிப்பு தரையில் குறைந்தே வெளிப்படும். தாழ்ந்த கியரில் எஞ்சின் தரும் தடையும் அவ்வாறே. சுமையால் பட்டை வில்கள் அமுங்கி, திருப்பத்தில் சக்கரம் முழுவதும் வளையும்போது, அகன்ற டயர் வண்டியின் உடற்பகுதியில் உராய்வதும் உண்டு.

சரி, அளவை மாற்றாமல் பழைய எண்களையே பார்த்து வாங்கினால் போதுமா? போதாது. பலரும் கவனியாது விடும் எண் ஒன்று அளவுக் குறியீட்டுக்கு அடுத்து நிற்கிறது. அதுவே சுமைக் குறியெண். அது கிலோகிராம் அன்று. ஓர் அட்டவணையின் வரிசை எண். குறியெண் 100 ஆயின் அந்த டயர் 800 கிலோ தாங்கும். 104 ஆயின் 900 கிலோ. 108 ஆயின் 1000 கிலோ. அதனை ஒட்டி வரும் ஆங்கில எழுத்து மிகுதியான வேகத்தைக் குறிப்பது: 'கியூ' எனில் மணிக்கு 160 கி.மீ., 'எஸ்' எனில் 180 கி.மீ. சரக்கு வண்டி டயரில் 106/103 என இரண்டு எண்கள் இருக்கலாம். முதலாவது ஒற்றைச் சக்கரத்துக்கு உரியது. இரண்டாவது, பெரிய லாரிகளின் பின்னச்சில் காண்பதுபோல் இரட்டையாகப் பூட்டும்போது ஒவ்வொரு டயருக்கும் உரியது.

இங்கேதான் இடர் மறைந்துள்ளது. 215/75 ஆர் 15 என்னும் ஒரே அளவில் பயணிகள் வண்டிக்கான டயரும் உண்டு, இலகு சரக்கு வண்டிக்கான டயரும் உண்டு. முன்னதன் குறியெண் 100, பின்னதன் குறியெண் 106 என வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே ரிம்மில் பொருந்தும். தோற்றத்திலும் வேறுபாடு எளிதில் தெரியாது. முழுச் சுமையில் பின்னச்சின் மேல் 1800 கிலோ அழுத்துமாயின், ஒரு டயருக்கு 900 கிலோ. 950 கிலோ தாங்கும் டயருக்கு அது இயல்பான பணி. 800 கிலோ தாங்கும் டயருக்கோ ஒவ்வொரு சுழற்சியும் வதை. அதன் பக்கச் சுவர் அளவுக்கு மீறி மடங்கி நிமிரும். அதனால் வெப்பம் ஏறும். வெப்பத்தால் ரப்பரும் உள்ளிழையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். மலைப்பாதையில் மெல்ல ஊர்ந்தவரை தாங்கிய டயர், கீழே இறங்கிச் சண்டிகரை நோக்கிய நெடுஞ்சாலையில் வேகமெடுத்த பின் வெடிக்கக் கூடும். விலை குறைவு என்பதற்காகப் பயணிகள் டயரைச் சரக்கு வண்டிக்குப் பூட்டுவதை எவ்வகையிலும் ஏற்க இயலாது.

உண்மையில் சுமையைத் தாங்குவது ரப்பர் அன்று, அதனுள் அடைபட்ட காற்றே. சரக்கு டயரின் கட்டமைப்பு வலிமையாக இருப்பது, மிகுந்த அழுத்தமுள்ள காற்றை அடக்கி வைப்பதற்காகவே. ஆதலால் சரியான டயரில் குறைந்த காற்று அடைத்தாலும் முன்சொன்ன கேடே விளையும். வண்டிக்கு உரிய அளவு, சுமைக் குறியெண், காற்றழுத்தம் ஆகியவற்றை உற்பத்தியாளரின் கையேட்டில் காணலாம். பல வண்டிகளில் ஓட்டுநர் கதவை ஒட்டிய சட்டத்திலும் இவை ஒட்டப்பட்டிருக்கும். கடைக்காரரின் சொல்லைவிட இவ்வொட்டியை நம்புவது நன்று.

அகலத்தைப் பொறுத்தவரை நிலத்தின் தன்மையும் எண்ணத்தக்கது. தார்ப் பாலையின் தளர்ந்த மணலில், அகன்ற டயர் எடையைப் பரப்பிப் புதையாமல் செல்ல உதவும். மேலே மெல்லிய சேறும் அடியில் கெட்டித் தரையும் உள்ள மழைக்கால மலைப்பாதையில், குறுகிய டயர் சேற்றைப் பிளந்து கெட்டித் தரையைப் பற்றும். எல்லா நிலத்துக்கும் அகன்றதே சிறந்தது என்பது தவறான எண்ணம்.

டயரின் வயதும் பக்கச் சுவரிலேயே உள்ளது. நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 3523 எனில் 2023ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். தரையைத் தொடும் பகுதியில் உள்ள பள்ளவரிகளின் ஆழம் இத்தகைய வண்டிகளுக்கு 1.6 மி.மீ.க்குக் குறையலாகாது என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் கட்டளை.

மாற்றுச் சக்கரத்தை மறந்துவிடல் ஆகாது. இந்தியா முழுவதும் அதற்கு 'ஸ்டெப்னி' என்பதே பெயர். வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில், இவ்வகைச் சக்கரம் முதலில் செய்யப்பட்ட ஸ்டெப்னி தெருவின் பெயர் அது. தெருப்பெயர் பொருட்பெயராகிக் கடல் கடந்து வந்து, இன்று நம் பட்டறைகளில் நிலைத்துவிட்டது. ஸ்டெப்னியும் மற்ற நான்கின் அளவும் சுமைக் குறியெண்ணும் கொண்டதாக இருத்தல் வேண்டும். பின்னச்சின் இருபுறமும் வெவ்வேறு விட்டமுள்ள டயர்கள் சுழன்றால், நேர்ச்சாலையிலும் ஒரு புறம் விரைந்தும் மறுபுறம் மெதுவாகவும் சுழன்று, நடுவிலுள்ள பல்லிணைகள் ஓய்வின்றித் தேயும். நான்கு சக்கரங்களும் எஞ்சினால் இயங்கும் வண்டியில் அத்தேய்மானம் இன்னும் விரைவாக நிகழும்.