நயினாதீவுக் கல்வெட்டு கூறும் கடல் நீதி

யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்துள்ள தீவுகளுள் நயினாதீவு சிறியது. ஆயினும் சமய வரலாற்றில் அதன் பெயர் பெரியது. புத்தர் பெருமான் எழுந்தருளிய நாகதீபம் எனப் பௌத்தர் அதனைப் போற்றுவர். நாகபூசணி அம்மையின் திருத்தலம் எனச் சைவர் வழிபடுவர். மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இதுவே எனக் கொள்ளும் அறிஞரும் உளர். இத்தீவின் அம்மன் கோயிலிலே பழைய தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. கோயிலில் இருப்பினும் அது கோயிற் கொடையைக் கூறுவதன்று. கடலிலே உடைந்த மரக்கலங்களைப் பற்றிக் கூறுவது.

அதனைப் பொறிப்பித்தவன் பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. பௌத்த சங்கத்தைச் சீர்திருத்திய சிங்கள மன்னன் அவன். அவனுடைய ஆணை வருமாறு: பிறநாட்டார் ஊராத்துறையிலே வந்து தங்குதல் வேண்டும்; அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தல் வேண்டும். அரசனுக்கு யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால், நான்கில் ஒரு கூறு அரச பண்டாரத்துக்கு; எஞ்சிய மூன்று கூறு உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிய கலம் உடைந்தால், சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையாகும்.

பாதியை அரசன் எடுத்துக்கொள்வது நீதியோ என்று இக்காலத்தார் வினவலாம். அக்காலத்து வழக்கத்தோடு ஒப்பிட்டாலன்றி இதன் அருமை விளங்காது. உடைந்த கலத்தின் பொருள் அனைத்தும் கரைக்கு உரிய அரசனைச் சேரும் என்பதே பல நாடுகளில் நிலவிய முறை. ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவிற் பொறித்த சாசனம் இதற்குச் சான்று. முன்னை அரசர் புயலிற் சிக்கிய கலங்களின் பொருளையெல்லாம் கவர்ந்தனர் என்று கூறி, இனி உரிய சுங்கம் மட்டுமே கொள்ளப்படும் என அது வணிகருக்கு அபயம் அளிக்கிறது. இங்கிலாந்திலோ 1275ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கலத்திலிருந்து மனிதனோ நாயோ பூனையோ உயிருடன் தப்பினால், அக்கலம் உரிமையற்ற பொருளாகாது என விதித்தது. இவ்விரண்டுக்கும் முன்னரே உடையவனின் பங்கை வரையறுத்துக் கல்லில் எழுதியது ஊராத்துறை ஆணை.

யானை குதிரைக்கு மட்டும் சலுகை மிகுந்தமைக்குக் காரணம் உண்டு. குதிரைகள் கடல் கடந்தே வரவேண்டியவை. அவையின்றிக் குதிரைப்படை இல்லை. யானை வாணிபத்தில் பர்மிய அரசன் தடை விளைத்தமையாற் பராக்கிரமபாகு அந்நாட்டின்மீது படை அனுப்பினான் என்று சூளவம்சம் கூறும். ஆகவே, அரசனின் தேவையும் வணிகனின் அச்சமும் சந்தித்த இடத்திலேதான் இந்நீதி பிறந்தது.

சிங்கள அரசன் தமிழில் ஆணை பொறித்ததேன்? படிக்கவேண்டியோர் துறைமுகத்தாரும் வணிகருமாவர். அவர்களிடையே வழங்கிய மொழி தமிழ். சுமத்திராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழிற் கல்வெட்டுப் பொறித்தனர். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கைக்குக் கொணர்ந்த, 1409ஆம் ஆண்டு நாளிட்ட கல் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளில் அமைந்தது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவுந்தறை நாயனாராகிய திருமாலையும், பாரசீகப் பகுதி இசுலாத்தையும் போற்றுகின்றன. 1911ஆம் ஆண்டு காலியிற் கண்டெடுக்கப்பட்ட அக்கல் கொழும்பு அரும்பொருட்சாலையில் உள்ளது.

இவற்றைக் கொண்டு அக்காலப் பேரரசர் யாவரும் அறவோர் எனக் கருதிவிடலாகாது. பிறநாட்டாருக்குப் புகலிடமான அதே ஊராத்துறையிற் பராக்கிரமபாகு படை திரட்டிக் கலங்கள் கட்டினான் என்றும், சோழர் படை அங்கு வந்து அவற்றை அழித்தது என்றும் திருவாலங்காட்டுச் சோழர் கல்வெட்டுக் கூறுகிறது. மூன்று சமயத்துக்கும் காணிக்கை தந்த செங் ஹோவின் படையே அழகக்கோனாரை வென்று, 1411ஆம் ஆண்டு சீனத்துக்குச் சிறைகொண்டு சென்றது. எனினும், வாணிபம் செழிக்க வேண்டுமாயின் பிறர் மொழியையும் வழிபாட்டையும் மதித்தல் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பின்வந்த பேரரசு வேறு வழி கண்டது. போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டு யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1621ஆம் ஆண்டு நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். வாணிபத்தையும் சமயத்தையும் தம் ஒருவர் கைக்குள் அடக்க முயன்ற அவ்வாட்சி நாற்பது ஆண்டுகூட நிலைக்கவில்லை. 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் அதனை முடித்தனர்.

இன்றும் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு செல்லும் படகிலே விகாரைக்குச் செல்வோரும் அம்மன் கோயிலுக்குச் செல்வோரும் ஒருங்கே அமர்ந்து செல்கின்றனர். இத்தீவு எவருடையது என்று வழக்காடுவோர் அக்கல்லைச் சான்று காட்டுதல் கூடும். சிங்கள மன்னன் பெயரை மட்டும் படிப்போரும் அதன் பாதியையே படிப்பர். தமிழ் மொழியை மட்டும் காண்போரும் பாதியையே காண்பர். முழுவதும் படிப்போர்க்கு அது சொல்லும் செய்தி ஒன்று: கரையை ஆள்பவனுக்கு, அலை ஒதுக்கிய அயலானைக் காக்கும் கடமை உண்டு.