வண்டிக் கடனை மாற்றும் முன்

மழை பொய்த்தால் கரிசல் காட்டில் மகசூல் போகும். ஊர்க்கடைகளுக்குப் போட்ட சரக்கின் பாக்கியும் நின்றுபோகும். அப்படி ஒரு வருடம், கோவில்பட்டியில் நாங்கள் சரக்கு வண்டிக்கு மூன்று தவணை தவறவிட்டோம். பின்னர் வட்டியோடு கட்டி முடித்தோம். குறைந்த வட்டிக்குக் கடனை வேறிடம் மாற்றப் போனால், அறிக்கையில் பாக்கி அப்படியே நிற்கிறது!

வணிக நண்பர்களே, சிபில் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். முதலில் அதை வாங்கிப் பாருங்கள். மதிப்பெண் 300 முதல் 900 வரை. தவறு இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது.

முன்கூட்டி அடைக்கும் கட்டணத்தையும் மிச்சமாகும் வட்டியையும் தாளில் எழுதிப் பாருங்கள். தவணை குறைந்து காலம் நீண்டால், மொத்தத்தில் நஷ்டமாகலாம். கடன் முடிந்ததும் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய நிறுவனத்தின் பெயரை நீக்கிவிடுங்கள்.