ஈரம் காயும் வரை

முன்பெல்லாம் ஓட்டல், பஸ் நிலையம், சினிமா தியேட்டர் எதுவானாலும் சுத்தத்துக்கு மூக்குதான் சாட்சி. கறுப்பு பினாயிலை வாளித் தண்ணீரில் ஊற்றினால் பாலாக வெளுக்கும். அந்த வெளுப்பைப் பார்த்துத்தான் அளவு. ஒரே வாளி, ஒரே மாப்பு, கழிப்பறையிலும் கூடத்திலும் மாறி மாறிப் புழங்கும். சாப்பாட்டுக் கடையில் இலை ஒவ்வொருவருக்கும் புதிது. இலைக்கு அடியிலிருக்கும் மேஜையையோ ஒரே ஈரத்துணி பகல் முழுக்கத் துடைக்கும்.

பினாயில் வீண் சரக்கென்று சொல்ல மாட்டேன். 1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் அறுவைச் சிகிச்சைப் புண்கள் சீழ்பிடிக்காமல் காக்கலாம் என்று எழுதினார். தாரிலிருந்து எடுக்கும் அதே குடும்பத்துச் சரக்குதான் நம் கறுப்பு பினாயிலும். எந்த இடத்துக்கு, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று கேட்கத்தான் அப்போது ஆளில்லை.

அந்தக் கேள்விகளை 2020இல் கொரோனா நம் தலையில் கொண்டுவந்து போட்டது. முதலில் தப்பாகத்தான் பதில் சொன்னோம். அந்த ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். சனங்கள் அதற்குள் நடந்து போனார்கள். பல ஊர்களில் சாலையிலும் சுவரிலும் ஹைப்போகுளோரைட்டைப் பீய்ச்சினார்கள். மனிதர்கள்மேல் இதைத் தெளிக்காதீர்கள், கண்ணும் தோலும் மூச்சும் கெடும் என்று அதே மாதம் 18ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், தொற்றாளர் வந்துபோகாத இடமானால் நாளுக்கு ஒருமுறை சோப்போ டிடர்ஜென்டோ போட்டுத் துடைத்தாலே பெரும்பாலும் போதும் என்றது.

இன்று விவரமறிந்த ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளர் இரண்டு வேலைகளைப் பிரித்தே பேசுவார். சாப்பாடு படும் மேஜையிலும் வெட்டுப்பலகையிலும் கிருமியின் எண்ணிக்கையைப் பாதுகாப்பான அளவுக்குக் குறைத்தால் போதும். அதற்கு 100 பிபிஎம் குளோரின், அதாவது 5 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலில் 2 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் வருவது. கிருமியைக் கொன்றே ஆகவேண்டிய இடம் வேறு: ஆஸ்பத்திரியில் ரத்தம் சிந்திய தரைக்கு 1 சதவீதம், அதாவது 10,000 பிபிஎம். இரண்டுக்கும் நூறு மடங்கு வித்தியாசம். பின்னதைச் சாப்பாட்டு மேஜையில் ஊற்றினால் அது கூடுதல் சுத்தமாகாது, விஷமாகும்.

எதுவானாலும் அழுக்கை முதலில் சோப்புப்போட்டு எடுத்தாக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் குளோரினைத் தின்றுவிடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஒரே வாளியில் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கழிப்பறை கழுவுகிறவருக்கு அது உயிராபத்து. மால்களில் இப்போது கழிப்பறைக்குச் சிவப்புத் துணி, சமையலறைக்குப் பச்சை என்று பிரிக்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்த மாற்றம் இதுதான்: எழுத்துக்கூட்டி லேபிள் படிக்கத் தெரியாதவரும் தப்பு செய்ய முடியாது.

நேரம்தான் இன்னும் மாறவில்லை. பல கிருமிநாசினிகள் பரப்பில் 10 நிமிடம் வரை ஈரமாக நின்றால்தான் லேபிளில் சொன்ன வேலையைச் செய்யும். லிப்ட் பொத்தானில் தெளித்த கையோடு துடைக்கச் சொல்கிறார்கள்; அடுத்த ஆள் காத்திருக்கிறாரே! குவாட்டர்னரி அம்மோனியம் மருந்தைப் பருத்தித் துணியில் நனைத்தால் மருந்தில் பெரும்பங்கைத் துணியே பிடித்துக்கொள்ளலாம். அதற்கு ஏற்ற துணியைக் கம்பெனி வாங்கித் தர வேண்டும். கையுறையும், கலக்கும் அளவுக் குவளையும், காத்திருக்கப் பத்து நிமிடமும் கான்ட்ராக்ட் விலையில் சேர வேண்டும். எத்தனை மாடி, எத்தனை கழிப்பறை, எத்தனை ஆள் என்று கணக்குப் போடும் டெண்டரில், ஈரம் காயும் நேரத்துக்கும் ஒரு வரி இருக்க வேண்டும்.