வானம் பார்த்த பூமியில் ஓர் இணையக் கடை

நுழையும்முன்

கடையைத் திறந்துவிட்டால் மட்டும் வணிகம் நடந்துவிடாது. வருபவர் நின்று பார்க்கவேண்டும், பொருளை நம்பவேண்டும், விலை கொடுத்து வாங்கிச் செல்லவேண்டும். கடைத்தெருவுக்குரிய இவ்விதி இணையத்திற்கும் பொருந்தும். சிறு முதலீட்டில் வாழும் ஒரு நெசவாளர் கூட்டம் தன் இணையக் கடையை எவ்வாறு கட்டவேண்டும்? உலகெங்கும் மென்பொருள் வல்லுநர்கள் கையாளும் ஒரு முறை இதற்கு விடை தருகிறது. அந்த விடை நம் கரிசல் உழவருக்குப் புதியதன்று.

கரிசல் நிலத்தின் பாடம்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் மானாவாரி நிலங்கள். குண்டாறு இப்பகுதியில் ஓடினாலும் ஆண்டு முழுவதும் நீர் சுமப்பதில்லை. கண்மாய்களும் வடகிழக்குப் பருவமழையுமே உழவுக்கு ஆதாரம். மழை எப்போது வரும், எவ்வளவு வரும், எப்போது நிற்கும் என்று எவராலும் உறுதி கூற இயலாது.

ஆதலால் இங்குள்ள உழவர் ஒரே பயிரை நம்பி இருப்பதில்லை. கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பருத்தி, மிளகாய் எனப் பலவற்றை நிலத்திற்கும் பருவத்திற்கும் ஏற்ப விதைக்கின்றனர். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும். முளை கருகினால் மறுவிதைப்புக்கு விதை வேண்டும் என்பதையும் மனத்தில் வைத்திருக்கின்றனர். சிறிது செய்து, விளைவைக் கண்டு, அதற்கேற்ப அடுத்த அடியை வைப்பதே அவர்தம் முறை. தவற்றின் விலை உயர்ந்திருக்கும் இடத்தில் தோன்றிய அறிவு இது.

அருவி முறையும் அதன் இடரும்

மென்பொருள் உருவாக்கத்தில் நெடுங்காலம் வேறொரு முறையே செல்வாக்குப் பெற்றிருந்தது. தேவைகளை முழுமையாக எழுதுதல், வடிவமைத்தல், நிரல் எழுதுதல், சோதித்தல், வெளியிடுதல் என ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின்னரே அடுத்தது தொடங்கும். மேலிருந்து விழும் நீர் மீண்டும் மேலே ஏறாததுபோல, முடிந்த கட்டத்திற்குத் திரும்புவது அரிது. எனவே இது ‘அருவி முறை’ எனப்பட்டது. 1970-ஆம் ஆண்டு வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரை இம்முறைக்கு மூலமாகக் காட்டப்படுகிறது. ஆயினும், இறுதியில் மட்டுமே சோதித்தல் இடர் மிக்கது என்று அக்கட்டுரையிலேயே அவர் எச்சரித்திருந்தார்.

அவ்வெச்சரிக்கையின் உண்மையை 2013-இல் அமெரிக்கா உணர்ந்தது. மக்கள் மருத்துவக் காப்பீட்டை ஒப்பிட்டு வாங்குவதற்காக அந்நாட்டு அரசு பெரும் பொருட்செலவில் உருவாக்கிய இணையச் சந்தை, அக்டோபர் 1 அன்று பல மாநிலங்களுக்கும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. பலகோடி மக்களுக்கெனக் கட்டப்பட்ட அத்தளத்தில், முதல் நாளன்று காப்பீட்டுப் பதிவை முழுமையாக முடித்தவர்கள் அறுவர் மட்டுமே. பின்னர் ஒரு சிறு குழு நாள்தோறும் கூடிப் பேசி, மிக இன்றியமையாத குறையை முதலில் களைந்து, அடுத்ததற்குச் சென்றது. சில மாதங்களில் தளம் சீரடைந்தது. 2014 ஏப்ரலுக்குள் எண்பது இலட்சம் பேர் காப்பீட்டுத் திட்டங்களைத் தேர்ந்தெடுத்திருந்தனர். வல்லரசு அப்பிழையைத் தாங்கிக்கொண்டது. பத்துத் தறிகளை நம்பி வாழும் ஒரு சங்கத்தால் தாங்க இயலுமா?

தகவெளிமையின் தோற்றம்

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்டு என்னும் பனிமலை விடுதியில் மென்பொருள் வல்லுநர்கள் 17 பேர் கூடினர். நான்கு விழுமியங்களும் பன்னிரண்டு நெறிகளும் கொண்ட ஓர் அறிக்கையை அவர்கள் உருவாக்கினர். ஆங்கிலத்தில் ‘அஜைல்’ என வழங்கும் அம்முறையைத் தமிழில் ‘தகவெளிமை’ என்பர். சூழலுக்குத் தக்கவாறு எளிதில் மாறிக்கொள்ளும் இயல்பு என்பது இதன் பொருள்.

விதிமுறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களின் உரையாடலுக்கும், தடித்த ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருளுக்கும், ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளருடன் இணைந்து உழைத்தலுக்கும், திட்டத்தைப் பற்றிக்கொண்டிருத்தலைவிட மாற்றத்திற்கு ஈடுகொடுத்தலுக்கும் இம்முறை முதன்மை தருகிறது. பின்னவற்றை உயர்த்துகிறதே அன்றி முன்னவற்றை அது விலக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

ஜப்பானின் டொயோட்டா மகிழுந்து ஆலையில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த அட்டை முறை ‘கான்பான்’ எனப்படும். இன்று மென்பொருள் குழுக்கள் ஒரு பலகையைச் ‘செய்யவேண்டியவை’, ‘செய்துகொண்டிருப்பவை’, ‘முடிந்தவை’ என மூன்றாகப் பிரித்து, பணி எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்துகின்றன. எப்பணி எங்கே தேங்கி நிற்கிறது என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

நெசவாளர் கடை: ஒரு கற்பனை

அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே பருத்திச் சேலை நெய்யும் சிறு சங்கம் ஒன்று, இடைத்தரகரின்றி நேரே விற்க விரும்புவதாகக் கொள்வோம். அதன் கையில் உள்ள சேமிப்பு ஓர் இலட்சம் ரூபாய். அருவி முறைப்படி, அத்தொகை முழுவதையும் ஆறு மாதத்தில் செலவிட்டு, இருநூறு சேலைகளும் பல வசதிகளும் கொண்ட தளத்தை எழுப்பலாம். ஆனால் வாங்குவோர் விரும்புவது எதை என்பது ஏழாம் மாதத்தில்தான் தெரியவரும். அப்போது திருத்துவதற்குப் பணம் இருக்காது.

தகவெளிமை முறை வேறு வழியைக் காட்டுகிறது. முதலில், வாங்குபவரின் இடத்திலிருந்து தேவைகள் சிறு சிறு அட்டைகளில் எழுதப்படும். “வெளியூரில் இருக்கும் நான், சேலையின் உண்மையான நிறத்தை அறிய விரும்புகிறேன், இல்லையெனில் வாங்கத் தயங்குவேன்” என்பது ஓர் அட்டை. “இரவிக்கைத் துணி சேர்ந்து வருமா என்று முன்கூட்டியே தெரியவேண்டும்” என்பது மற்றொன்று. எது விற்பனைக்கு மிகவும் இன்றியமையாதது என்று ஆராய்ந்து அட்டைகள் வரிசைப்படுத்தப்படும்.

பின்னர் இரண்டு வாரம் கொண்ட ஒரு சுற்றுக்கு எத்தனை அட்டைகள் இயலுமோ அத்தனை மட்டும் எடுக்கப்படும். முதற்சுற்றில் பத்துச் சேலைகளின் படங்கள், விலை, கூடை, பணம் செலுத்தும் வழி ஆகியன போதும். செலவு பதினைந்தாயிரத்திற்குள் அடங்கும் எனக் கொள்வோம். நெசவாளரும் நிரலாளரும் நாள்தோறும் பதினைந்து நிமிடம் கூடி, நேற்று முடித்தது, இன்று செய்யப்போவது, நடுவே நிற்கும் தடை ஆகிய மூன்றையும் பேசுவர். சுற்றின் முடிவில் கடை உண்மையாகவே திறக்கப்படும். வாங்குவோர் செய்வதைக் கண்டு அடுத்த சுற்றுக்குரிய அட்டைகள் மாற்றி அடுக்கப்படும்.

அளந்து அறிதல்

முதல் இரு வாரங்களில் 400 பேர் கடைக்கு வந்தனர். 60 பேர் சேலையைக் கூடையில் இட்டனர். 4 பேர் மட்டுமே பணம் செலுத்தினர் என வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒருவர் வாங்கியிருக்கிறார். மற்றவர் எங்கே திரும்பினர்? அஞ்சல் செலவு 90 ரூபாய் என்று கடைசிப் பக்கத்தில் தோன்றிய இடத்தில் பெரும்பாலோர் விலகியிருந்தனர். இறுதியில் திடீரெனத் தோன்றும் கூடுதல் செலவு வாங்குவோரை விரட்டும் என்பதை மின்வணிக ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. ஆகவே, இரண்டாம் சுற்றில் சேலையின் விலைக்கு அடியிலேயே அஞ்சல் செலவு குறிக்கப்படுகிறது. இப்போது அதே 400 பேரில் 8 பேர் வாங்குகின்றனர். விளம்பரத்திற்குக் காசு செலவிடாமலே விற்பனை இருமடங்காகியிருக்கிறது.

ஆனால் இங்கே அவசரப்படலாகாது. இரண்டாம் சுற்றின்போது தீபாவளி நெருங்கியிருந்தால், விற்பனை கூடியதற்கு அதுவும் காரணமாகலாம். எண்களும் மிகச் சிறியவை. எனவே, ஒரே காலத்தில் வருவோரில் ஒரு பாதியினருக்குப் பழைய பக்கத்தையும் மறுபாதியினருக்குப் புதிய பக்கத்தையும் காட்டிப் போதிய நாள் ஒப்பிடுதல் வேண்டும். இதனை இருவழிச் சோதனை என்பர். பார்த்ததை உடனே நம்பிவிடாமல் ஐயுற்றுத் தெளிவதே அளத்தலின் பயன்.

பாவும் ஊடையும்

எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் தகவெளிமை என்று கருதுவது பிழை. தறியில் நீளவாட்டில் ஓடும் நூல் பாவு. குறுக்கே செல்வது ஊடை. நெய்யும்போது ஊடையின் நிறத்தை மாற்றலாம்; ஏற்றிய பாவை மாற்ற இயலாது. பாவு உறுதியாக நின்றால்தான் ஊடை எத்தனை நிறம் மாறினாலும் துணி துணியாக இருக்கும்.

இணையக் கடைக்கும் பாவு உண்டு. வாடிக்கையாளரின் பணத்திற்கும் தொலைபேசி எண், முகவரி முதலியவற்றிற்கும் தரும் பாதுகாப்பு முதல் நாளிலேயே முழுமையாக இருக்கவேண்டும். “பிறகு திருத்திக்கொள்ளலாம்” என்பது இங்கே செல்லாது. அவ்வாறே, பொருளைப்பற்றிய உண்மையும் மாறலாகாது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று எழுதினால் ஒரு சுற்றில் விற்பனை கூடலாம். ஆனால் அது கைத்தறி நெசவாளரின் கூலியைப் பறிப்பதாகும். உண்மையான கைத்தறித் துணியை வாங்குவோர் அடையாளம் காண்பதற்கென்றே 2006-இல் இந்தியக் கைத்தறி முத்திரை அறிமுகம் செய்யப்பட்டது. விற்பனை எண் ஏறுகிறது என்பதனாலேயே ஒரு செயல் சரியாகிவிடாது.

நம் ஊரிலிருந்தே

இப்பணிகளுக்குப் பெருநகரம்தான் செல்லவேண்டும் என்பதில்லை. 1996-இல் தொடங்கப்பட்டு இன்று ‘சோஹோ’ என வழங்கும் மென்பொருள் நிறுவனம், தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்து, உலக நாடுகளில் பயன்படும் மென்பொருளை அங்கே உருவாக்குகிறது. நெசவாளரோடும் உழவரோடும் ஒரே தெருவில் வாழும் இளைஞர், அவர்தம் தேவையை நேரில் கேட்டறியும் வாய்ப்புப் பெற்றவர். தகவெளிமை முதன்மை தரும் உரையாடலும் இதுவே.

மழையை வரவழைக்க உழவரால் இயலாது. வாங்குவோரின் மனத்தை ஆணையிட்டு மாற்ற வணிகராலும் இயலாது. இருவராலும் இயல்வது ஒன்றே: இழப்பைத் தாங்கும் அளவுக்குச் சிறிதாகத் தொடங்கி, விளைவைக் கண் திறந்து பார்த்து, கற்றதைக்கொண்டு அடுத்த விதையை ஊன்றுதல்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் விளையும் அல்லது உருவாக்கப்படும் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனை வாங்குபவர் நிலையிலிருந்து ஐந்து தேவை அட்டைகள் எழுதுக. அவற்றை வரிசைப்படுத்திக் காரணம் கூறுக.

2. ‘பாவு’, ‘ஊடை’ என்னும் உவமையைப் பள்ளி ஆண்டுவிழா ஏற்பாட்டிற்குப் பொருத்தி, மாறலாகாதவை, மாறக்கூடியவை எனப் பட்டியலிடுக.